பின்பக்கக் கணக்கு

கேரட் கழுவும் கொட்டகையில் ஒரே ஒரு நோட்டு.
முன்பக்கம் ஹேமலதா எழுதுவாள்.
பின்பக்கத்திலிருந்து நான் எழுதி வருகிறேன்.
நடுவில் இன்னும் முப்பது தாள் வெள்ளையாக இருக்கிறது.

செவ்வாய்: ஆயிரத்து நானூறு வரவு.
எட்டு ஜோடி, மூன்று ஜோடி,
எதிரில் மதுரைக்காரன் ஒருவன், முகம் தெரியாது.
புதன்: அதே மதுரைக்காரன்
கொடுத்ததை அறுநூறு வட்டியோடு வாங்கிக்கொண்டான்.
வியாழன் எழுதவில்லை.
எழுதாத நாள் என்ன நாள் என்று
யாரும் கேட்கப் போவதில்லை.

பாலாடாவில் சிக்னல் ஒரு கோடுதான்.
தண்ணீர்த் தொட்டிமேல் ஏறினால் இரண்டு.
குல்லாய், பிளாஸ்க், மடியில் சார்ஜர்,
அங்கேதான் என் மேசை.

ஒரு சனிக்கிழமை கையில் இரண்டு ஏஸ்.
நடுவில் மூன்றாவதும் விழுந்தது.
பதினோராயிரம் குவிந்து கிடந்தது.
கெத்திப் பக்கமிருந்து மூட்டம் ஏறி வந்து
டவரை விழுங்கியது.
திரையில் வட்டம் சுற்றியது, சுற்றியது.
சிக்னல் திரும்பியபோது
என் சீட்டை எனக்காக அதுவே மடித்து வைத்திருந்தது.
இதை எதில் எழுத?
ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு
மூட்டம் என்று ஒரு தனிப் பத்தி திறந்தேன்.

பூண்டு நல்ல விலைக்குப் போன வருஷம்
பெள்ளிராஜ், ஆல்துரை, நான், மூவரும் கோவா போனோம்.
ஆற்றில் நகராமல் நிற்கிற கப்பல்.
ஆஸ்பத்திரியில் கட்டுவதுபோல்
மணிக்கட்டில் காகிதப் பட்டை கட்டினார்கள்.
வெளியே வேர்த்து ஊற்றியது,
உள்ளே எங்கள் ஊர் டிசம்பர்.
பதினேழில் வைத்தேன். பதினேழு.
மறுபடி வைத்தேன். மறுபடி பதினேழு.
பதினெட்டாயிரத்து ஐந்நூறு!
ஆல்துரை என்னைத் தூக்கிவிட்டான்,
பெள்ளிராஜ் வீடியோ காலில் ஊருக்கே காட்டினான்.

இரண்டாம் ராத்திரியை யாருக்கும் காட்டவில்லை.
திரும்பும் ரயிலில் மூவரிடமும் சேர்த்து
நூற்று நாற்பது ரூபாய், ஒரு பொட்டலம் முந்திரி.
ஊரில் இன்றைக்கும் நான் பதினெட்டாயிரம் ஜெயித்த ஆள்.
அதை நம்பித்தான் என்னிடம் கடன் கேட்கிறார்கள்.

மாற்ற மறந்த ஒரு சில்லு, பச்சை, நூறு ரூபாய்,
எடைமேசையின் ஆடுகிற காலுக்கு அடியில் இருக்கிறது.
அது வந்தபின் தராசு பொய் சொல்வதில்லை.
நான் ஜெயித்ததில் நின்றது அது ஒன்றுதான்.

நடுராத்திரிக்கு மெஷின் ஓடும்.
சேறு போய்ச் சிவந்த மூட்டைகள் லாரி ஏறும்.
கல்லாறு தாண்டி மேட்டுப்பாளையம் போன பிறகுதான்
விலை தெரியும்.
போன வாரம் எழுபது, இந்த வாரம் இருபத்திரண்டு.
அதை ஹேமலதா முன்பக்கத்தில் எழுதுகிறாள்.
அதற்குப் பெயர் விவசாயம்.

நேற்றைக்கு,
மெஷின் போடுமுன், தொட்டிமேல் இருக்கிறேன்.
கையில் ஒன்றுமே இல்லை. இரண்டும் ஏழும்.
இருந்த நாலாயிரத்தையும் நெட்டித் தள்ளினேன்.
எதிராளி யோசிக்கிறான்.
அப்போது கழிவுக் கேரட் குவியலில்
புஸ்ஸென்று மூச்சு.
காட்டெருமை. ஏணியை ஒட்டி நிற்கிறது.
பையன்கள் கொட்டகைக்குள் ஓடிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.
எதிராளி நம்பிவிட்டான், மடித்தான்,
பணம் என் பக்கம் வந்தது.
கத்தவும் முடியவில்லை, இறங்கவும் முடியவில்லை.
எருமை மென்றுகொண்டே ஒருமுறை மேலே பார்த்தது.
அதனிடம் என் பிளஃப் எதுவும் செல்லாது.

தகரத்தைத் தட்டிக்கொண்டு டார்ச்சோடு ஹேமலதா வந்தாள்.
அது சலிப்போடு தேயிலைக்குள் இறங்கிப் போனது.
"எவ்வளவு?" என்றாள் கீழே நின்று.
"நாற்பத்தாறு மூட்டை."
"அதைக் கேட்கல."

காலையில் நோட்டைப் பின்பக்கம் திறந்தேன்.
சிவப்பு மையில் அவள் கையெழுத்து.
கூட்டலில் எண்ணூறு தப்பு, திருத்தியிருந்தாள்.
வியாழனுக்கு நேரே ஒரு கேள்விக்குறி.
மூட்டம் என்ற பத்தியை மட்டும்
குறுக்கே அடித்து
செலவில் சேர்த்திருந்தாள்.